நீர்ச் சுவைஞர்

நீர்ச் சுவைஞர் என்பவர் குடிநீரின் சுவை, மணம், வாயில் ஏற்படுத்தும் உணர்வு ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற புலன்களால் மதிப்பிட்டு, நீர்வகைகளை ஒப்பிட்டு விளக்கவும், உணவுக்கு ஏற்ற நீரைப் பரிந்துரைக்கவும் வல்ல தொழில்முறையாளர் ஆவார். உணவகங்கள், தங்கும் விடுதிகள், கனிமநீர் நிறுவனங்கள், சுவைப் போட்டிகள் ஆகியன இவர்கள் பணிபுரியும் முதன்மையான களங்கள் ஆகும். திராட்சை மதுவைத் தேர்ந்து பரிமாறும் பழந்தொழிலின் வழியில், 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இளம் தொழில் இது.

தூய நீருக்குச் சுவையில்லை எனப் பள்ளிப் பாடங்கள் கூறினும், மாந்தர் பருகும் நீர் எதுவும் வேதியியல் நோக்கில் தூய நீரன்று. மண்ணிலும் பாறையிலும் இருந்து கரைந்த உப்புகளும் காற்றிலிருந்து கரைந்த வளிமங்களும் அதில் உள்ளன. கிணற்றுக்குக் கிணறு நீரின் சுவை மாறுவதை மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் மக்கள் நெடுங்காலமாக அறிவர். ஆயினும் நாவால் அறியக்கூடியது நீரின் சுவையே அன்றி அதன் பாதுகாப்பு அன்று. இவ்வேறுபாடே நீர்ச் சுவைஞர் தொழிலின் எல்லையை வகுக்கிறது.

பெயர்

ஆங்கிலத்தில் இத்தொழிலர் "வாட்டர் சொமெலியே" என அழைக்கப்படுகின்றனர். சொமெலியே என்பது பிரெஞ்சுச் சொல். பொதி சுமக்கும் விலங்குகளை ஓட்டுபவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்து, பின்னர் அரண்மனைகளில் உணவுப் பொருட்களுக்குப் பொறுப்பானவரையும், இறுதியில் உணவகத்தில் மதுவைத் தேர்ந்து பரிமாறுபவரையும் குறிக்கலாயிற்று. தமிழில் இதற்கு நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவரைத் தேயிலைச் சுவைஞர் எனக் கூறுவதை ஒட்டி, இக்கட்டுரையில் நீர்ச் சுவைஞர் என்னும் சொல் ஆளப்படுகிறது.

வரலாறு

ஐரோப்பாவில் ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து விற்கும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமையுடையது. தொடக்கத்தில் அது மருந்தாகக் கருதப்பட்டு, மருந்துக் கடைகளிலும் விற்கப்பட்டது. சுவைக்காக நீரை ஒப்பிடும் வழக்கம் அண்மைக் காலத்தது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள பெர்க்லி இசுபிரிங்சு என்னும் ஊரில் 1991 முதல் பன்னாட்டு நீர்ச் சுவைப் போட்டி நடைபெற்று வருகிறது. புட்டிநீர் மட்டுமன்றி நகராட்சிகளின் குழாய்நீரும் இப்போட்டியில் தனிப்பிரிவாக மதிப்பிடப்படுகிறது.

ஆசுத்திரியாவில் பிறந்த மைக்கேல் மாசா, மருத்துவர் அறிவுரைப்படி மது அருந்துவதைக் கைவிட்டபின் நீரின் சுவை வேறுபாடுகளை ஆராயத் தொடங்கினார். 2006-இல் வெளிவந்த "ஃபைன் வாட்டர்சு" என்னும் அவரது நூல், நீரை அதன் தோற்றுவாய், கனிம அளவு, வளிம அளவு ஆகியவற்றின்படி வகைப்படுத்தியது. செருமனியரான மார்ட்டின் ரீசு 2005-இல் பெர்லின் நகர உணவகம் ஒன்றில் நீருக்கெனத் தனிப் பட்டியலை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், 2013-இல் லாசு ஏஞ்சலசு கலை அருங்காட்சியக வளாகத்தில் இருந்த உணவகத்தில் 20 வகை நீர் கொண்ட பட்டியலை வெளியிட்டபோது, இத்தொழில் உலக ஊடகங்களின் கவனத்தையும் ஏளனத்தையும் ஒருங்கே பெற்றது.

நீரின் சுவையை ஆராயும் மற்றொரு மரபு குடிநீர் வழங்கும் பொறியியல் துறையில் தோன்றியது. குழாய்நீரில் வீச்சம் வருவதாக மக்கள் முறையிடும்போது அதன் காரணத்தைக் கண்டறியப் பயிற்சி பெற்ற சுவைக்குழுக்களை 1980-களில் அமெரிக்க, பிரெஞ்சு குடிநீர் அமைப்புகள் பயன்படுத்தலாயின. நீரில் தோன்றும் மணங்களையும் சுவைகளையும், அவற்றுக்குக் காரணமான வேதிப்பொருட்களையும் வட்டவடிவில் தொகுத்துக் காட்டும் "சுவை–மணச் சக்கரம்" இம்முயற்சிகளின் விளைவாகும்.

பணிகள்

நீர்ச் சுவைஞர் ஒருவரின் பணிகள் அவர் சார்ந்துள்ள நிறுவனத்தைப் பொறுத்து வேறுபடும். பொதுவாக அவை பின்வருமாறு:

உணவகங்களிலும் விடுதிகளிலும் நீர்ப்பட்டியலை உருவாக்குதல், ஒவ்வொரு நீரின் தோற்றுவாயையும் கனிம அளவையும் விருந்தினருக்கு விளக்குதல்.

உணவுக்கு ஏற்ற நீரைத் தேர்ந்துரைத்தல். மென்சுவை உணவுகளுக்குக் கனிமம் குறைந்த நீரும், கொழுப்பு மிக்க இறைச்சி உணவுகளுக்குக் கனிமம் மிகுந்த, வளிமமேறிய நீரும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. வளிமமேறிய நீர் காரத்தின் எரிச்சலை மிகுவிப்பதாகப் பலர் உணர்வதால், காரமான உணவுகளுடன் வளிமமற்ற நீரே ஏற்றது எனப்படுகிறது.

கனிமநீர் நிறுவனங்களில் ஊற்றின் சுவை பருவந்தோறும் மாறாது உள்ளதா எனக் கண்காணித்தல், புதிய ஊற்றுகளை மதிப்பிடுதல், விற்பனைப் பணியாளருக்குப் பயிற்சியளித்தல்.

காப்பி, தேநீர், நொதிபானம் முதலியவற்றைத் தயாரிப்போருக்கு, அவற்றுக்கு ஏற்ற நீரின் கடினத்தன்மை குறித்து அறிவுரை கூறுதல்.

போட்டிகளில் நடுவராக இருத்தல், பொதுமக்களுக்குச் சுவைப் பயிலரங்குகள் நடத்துதல்.

நீரின் சுவைக்கான காரணிகள்

கரைந்த கனிமங்கள்

நீரில் கரைந்துள்ள திண்மப் பொருட்களின் கூட்டளவு மொத்தக் கரைதிண்மம் (டி.டி.எஸ்.) எனப்படும். இது லிட்டருக்கு மில்லிகிராம் (மி.கி.) என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, 50 மி.கி.க்கு மேற்படாதது மிகக் குறைந்த கனிமநீர் என்றும், 500 மி.கி.க்கு மேற்படாதது குறைந்த கனிமநீர் என்றும், 1500 மி.கி.க்கு மேற்பட்டது கனிமம் செறிந்த நீர் என்றும் புட்டியில் குறிக்கப்படலாம்.

பிரான்சின் வோல்விக் நீரில் ஏறத்தாழ 130 மி.கி.யும், எவியன் நீரில் ஏறத்தாழ 345 மி.கி.யும், செருமனியின் கெரோல்சுடைனர் நீரில் ஏறத்தாழ 2500 மி.கி.யும் கரைதிண்மம் உள்ளது. எனவே கரைதிண்மம் மிகுதியாக இருப்பதே ஒரு நீரைத் தீயதாக்குவதில்லை. எந்தக் கனிமம் எவ்வளவு உள்ளது என்பதே சுவையைத் தீர்மானிக்கிறது. முதன்மையான கனிமங்களின் சுவைகள் வருமாறு:

கால்சியம்: அளவாக இருப்பின் நீருக்கு நிறைவுணர்வு தரும், மிகுந்தால் சுண்ணாம்புச் சுவை தோன்றும்.

மக்னீசியம்: கசப்பு.

சோடியமும் குளோரைடும்: உவர்ப்பு.

பைகார்பனேட்டு: மென்மை, புளிப்பை மட்டுப்படுத்தும்.

சல்பேட்டு: கசப்பும் வறட்சியும், மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும்.

சிலிக்கா: வழவழப்பான உணர்வு.

இரும்பு: துருவை ஒத்த உலோகச் சுவை.

வளிமமும் வெப்பநிலையும்

கரைந்த கரியமில வளிமம் நீருக்கு மெல்லிய புளிப்பையும் நாவில் குத்தும் உணர்வையும் தருகிறது. கொதிக்கவைத்து ஆறிய நீர் "சப்பென்று" இருப்பதற்கு, கரைந்த வளிமங்கள் வெளியேறியதும் ஒரு காரணமாகும். குளிர்ந்த நீரில் உவர்ப்பும் வீச்சமும் குறைவாகவே புலப்படும். மண்பானை நீர் சுவையாகத் தோன்றுவதற்கு இதுவும் காரணம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

உமிழ்நீர்

நாக்கு எப்போதும் உமிழ்நீரில் நனைந்திருப்பதால் அதிலுள்ள உப்புக்குப் பழகியிருக்கிறது. உமிழ்நீரை விட உப்புக் குறைந்த நீர் நாவில் படும்போது அந்த வேறுபாடே ஒரு சுவையாக உணரப்படுகிறது. வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) பலருக்குச் சற்றே கசப்பாகத் தோன்றுவது இதனாலேயே. ஒருவர் சிறுவயது முதல் பருகிவந்த நீர் அவருக்கு நல்ல நீராகத் தோன்றுவதற்கும் பழக்கமே காரணம் ஆகும்.

வீச்சங்கள்

ஏரி, அணைக்கட்டு நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளும் சிலவகை நுண்ணுயிரிகளும் சியோசுமின் என்னும் சேர்மத்தை உண்டாக்குகின்றன. புதுமழையின் மண்மணத்துக்குக் காரணமான சேர்மமும் இதுவே. லிட்டருக்குச் சில நானோகிராம் அளவில் இருந்தாலும் மாந்தரின் மூக்கு இதனைக் கண்டுகொள்ளும். அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைடாலும், மருந்து நெடி குளோரின் கரிமப் பொருட்களுடன் சேர்வதாலும் உண்டாகின்றன.

சுவைக்கும் முறை

நீர்கள் ஒரே வடிவான, மணமற்ற கண்ணாடிக் குவளைகளில், ஒரே வெப்பநிலையில், பெயர் மறைக்கப்பட்டு வைக்கப்படுகின்றன. சுவைப்பவர் முன்னதாகக் காப்பி, புகையிலை, வெற்றிலை, காரமான உணவு, நறுமணப் பூச்சு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முதலில் நீரின் தெளிவு நோக்கப்படும். அடுத்துக் குவளையைச் சுழற்றி மணம் அறியப்படும். பின்னர் ஒரு வாய் நீரை நாவெங்கும் படரவிட்டு எடை, மென்மை, சுவை ஆகியன குறிக்கப்படும். விழுங்கியபின் எஞ்சும் பின்சுவை இறுதியாகப் பதியப்படும். கனிமம் குறைந்த நீரில் தொடங்கிக் கனிமம் மிகுந்த நீரில் முடிப்பதும், வளிமமற்றவற்றை முன்னதாகச் சுவைப்பதும் மரபாகும். இல்லையேல் மென்சுவைகள் மறைந்துவிடும்.

பயிற்சியும் சான்றிதழும்

செருமனியில் மியூனிக் நகரை அடுத்த கிரேஃபெல்ஃபிங் என்னும் இடத்திலுள்ள தோமென்சு கல்விக்கழகம் நீர்ச் சுவைஞருக்கான சான்றிதழ்ப் பயிற்சியை அளிக்கிறது. 1895-இல் நொதிபான வடிப்புப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. நீர் வேதியியல், நிலவியல், கனிமநீர்ச் சட்டங்கள், புலனறிவுச் சோதனை, உணவுப் பொருத்தம் ஆகியன பாடங்களில் அடங்கும். மாசாவும் ரீசும் இணைந்து 2018-இல் தொடங்கிய ஃபைன் வாட்டர் அகாதெமி, தொலைக்கல்வி முறையில் பயிற்சி அளிக்கிறது. விடுதி மேலாண்மை, உணவு அறிவியல், மதுப் பரிமாறல், புட்டிநீர் வணிகம் ஆகிய துறைகளில் இருந்தே பெரும்பாலானோர் இத்தொழிலுக்கு வருகின்றனர். இதனை மட்டுமே முழுநேரத் தொழிலாகக் கொண்டோர் உலகளவிலும் சிலரே.

இந்தியாவில்

பின்லாந்தில் தோன்றிய வீன் என்னும் கனிமநீர் நிறுவனத்தின் இந்தியப் பிரிவை நடத்திவந்த மும்பையின் கணேசு ஐயர், இந்தியாவின் முதல் சான்றிதழ் பெற்ற நீர்ச் சுவைஞராக ஊடகங்களில் அறியப்படுகிறார். இவர் தோமென்சு கல்விக்கழகத்தில் பயின்றவர். குசராத்தில் ஆரவல்லி மலையடிவார நீரைப் புட்டியிலடைக்கும் ஆவா நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த அவந்தி மேத்தாவும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். இருவரும் கனிமநீர் வணிகத்தோடு தொடர்புடையவர்கள் என்பது நோக்கத்தக்கது. இந்தியாவில் இத்தொழில் உணவகத்தைக் காட்டிலும் புட்டிநீர்த் துறையையே சார்ந்து வளர்ந்துள்ளது.

இந்தியாவில் புட்டிநீர் விற்பனை 1965-இல் மும்பையில் பிசுலெரி நிறுவனத்தால் தொடங்கப்பட்டது; 1969-இல் அதனைப் பார்லே நிறுவனம் வாங்கியது. மக்கள் பேச்சில் புட்டியிலும் கேனிலும் வரும் நீர் எல்லாம் "மினரல் வாட்டர்" எனப்படினும், சட்டப்படி அவை இருவகைப்படும். எந்த மூலத்து நீரையும் சுத்திகரித்து அடைப்பது பொதியப்பட்ட குடிநீர் (இந்தியத் தரம் ஐ.எஸ். 14543). இயற்கை ஊற்றிலிருந்தோ நிலத்தடி மூலத்திலிருந்தோ எடுத்து, அதன் கனிம அமைப்பை மாற்றாமல் அடைப்பது இயற்கைக் கனிமநீர் (ஐ.எஸ். 13428). சந்தையில் பெரும்பகுதி முதல் வகையே ஆகும். இயற்கைக் கனிமநீரில் ஊற்றுக்கு ஊற்று சுவை வேறுபடுவதால் நீர்ச் சுவைஞரின் பணி பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

பொதியப்பட்ட நீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று கட்டாயம் என்ற விதியை 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நீக்கியது. அடுத்த மாதமே இந்நீர் உயர் இடர் உணவு வகையில் சேர்க்கப்பட்டு, ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய பழந்தொழில் நீலகிரியின் தேயிலைச் சுவைஞர் தொழிலாகும். குன்னூர் தேயிலை ஏல மையத்தை ஒட்டி இத்தொழிலர் பணியாற்றுகின்றனர். தேயிலையை ஒப்பிடும்போது நீர் மாறினால் முடிவும் மாறிவிடும் என்பதால், ஒரே மூலத்து நீரையே பயன்படுத்துவது அத்தொழிலின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

மதுரைச் சமவெளியில் நீரின் சுவை

நிலவியல் பின்புலம்

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கிரானைட்டு, நைசு, சார்னோக்கைட்டு முதலிய கடும்பாறைகளால் ஆனது. நிலத்தடி நீர் பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. நீர் நெடுங்காலம் பாறையுடன் தொடர்பில் இருப்பதாலும், வெப்பம் மிகுந்து ஆவியாதல் கூடுவதாலும், ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மையும் உவர்ப்பும் பல இடங்களில் மிகுந்துள்ளன. மாறாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரைப் பெறும் முல்லைப் பெரியாற்று நீரும் வைகையின் மேல்நிலை நீரும் பொதுவாகக் கனிமம் குறைந்தவை. 1895 முதல் பெரியாறு அணையின் நீர் மலைக்குடைவு வழியே வைகை வடிநிலத்துக்குத் திருப்பப்பட்டு வருகிறது. ஆண்டிப்பட்டிக்கு அருகில் வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது.

நிலத்திற்கேற்ப நீரின் தன்மை மாறும் என்னும் கருத்து தமிழில் பழமையானது. திருக்குறளின் 452-ஆம் குறள், சேர்ந்த இனத்தால் அறிவு மாறுவதற்கு இதனை உவமையாக்குகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையிலுள்ள கீழடி அகழாய்வில் உறைகிணறுகள் கண்டறியப்பட்டுள்ளன.

நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளின் ஊர்களில் நீர் "நல்ல தண்ணீர்", "உப்புத் தண்ணீர்" என இரண்டாகப் பகுக்கப்படுகிறது. முன்னது குடிக்கவும் சமைக்கவும், பின்னது குளிக்கவும் துவைக்கவும் பயன்படும். இடைப்பட்ட நீர் "சவர்த் தண்ணீர்" எனப்படும். ஒரே ஊரில் ஒரு கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாகவும், அதற்குச் சில நூறு அடி தொலைவில் உள்ளது உப்புக் கிணறாகவும் இருப்பதுண்டு.

இப்பகுப்பு நாவினால் மட்டும் செய்யப்படுவதன்று; அடுப்பங்கரையே அதன் ஆய்வுக்கூடம். கடின நீரில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. பருப்பின் செல்சுவர்களை இணைக்கும் பெக்டினுடன் கால்சியம் சேர்ந்து அதனை இறுக்கிவிடுவதே காரணம். கடின நீரில் போட்ட தேநீரின் மேல் ஆடைபோன்ற படலம் படரும். சோறு பொங்கும் பாத்திரத்தின் உட்புறம் வெண்படிவு ஏறும். சவுக்காரம் நுரைக்காது. உப்பு நீர் ஊற்றிய மண்பானையின் வெளிப்புறம் வெண்மையாகப் பூத்துவிடும். நீர் எடுத்து வந்து சமைத்த பெண்களே பெரும்பாலும் இவ்வறிவைப் பேணிவந்தனர். எந்த வீட்டுக் கிணற்று நீரில் பருப்பு வேகும் என்பது தெருவறிந்த செய்தியாக இருந்தது.

நல்ல தண்ணீரின் முதன்மையான மூலம் ஊருணி ஆகும். மழைநீரைத் தேக்கும் இக்குளத்தில் குளிப்பதும் துவைப்பதும் கால்நடைகளை இறக்குவதும் விலக்கப்பட்டிருந்தன. வைகை வறண்ட காலங்களில் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, கசியும் நீரைச் சிரட்டையால் முகந்து குடத்தை நிறைக்கும் வழக்கமும் இருந்தது. மணல் அள்ளப்பட்டதாலும் கழிவுநீர் கலந்ததாலும் நகரப்பகுதியில் இவ்வழக்கம் மறைந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, கண்மாய்களையும் ஊருணிகளையும் ஊர்மக்களுடன் சேர்ந்து சீரமைக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது.

நீரைத் திருத்தும் மரபுகள்

கலங்கிய ஊருணி நீரைத் தெளியவைக்க, தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்ப்பர். அதிலுள்ள பொருட்கள் நீரில் மிதக்கும் மண்துகள்களைத் திரளச் செய்து அடியில் படியவைக்கின்றன. வெட்டிவேர், சீரகம், துளசி ஆகியவற்றை இட்டு நீருக்கு மணமூட்டுவதும் உண்டு. பாதிரிப் பூவின் மணத்தைப் புதுப்பானை நீர் ஏற்பதை நாலடியார் உவமையாகக் கையாள்கிறது. சித்த மருத்துவ நூலான பதார்த்த குண சிந்தாமணி, ஆறு, கிணறு, ஊற்று முதலிய மூலங்களின்படி நீரின் குணங்களை வகுத்துக் கூறுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையின் தெருக்களில் அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களில் மண்பானை நீரை இன்றும் காணலாம்.

மலையூற்றுகள்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவிலுள்ள அழகர்மலையின் நூபுர கங்கை (சிலம்பாறு) இப்பகுதியின் புகழ்பெற்ற ஊற்று ஆகும். அழகர்கோயில் உற்சவருக்கு இந்நீராலேயே திருமஞ்சனம் செய்யப்படுகிறது. வேறு நீரால் செய்தால் திருமேனி கருத்துவிடும் என்பது நம்பிக்கை. மலையேறிச் செல்வோர் இந்நீரைக் குடுவைகளில் எடுத்துச் செல்கின்றனர். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையிலுள்ள பேச்சிப்பள்ளத்திலும் சுனை உள்ளது.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.215 எக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதியில் 72 ஏரிகளும் 200 இயற்கை நீரூற்றுகளும் 3 தடுப்பணைகளும் உள்ளதாக அரசு குறிப்பிட்டது. 2024-இல் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் தங்குதன் (டங்ஸ்டன்) கனிமம் எடுக்க ஏலம் விடப்பட்டபோது ஊர்மக்கள் பெருமளவில் எதிர்த்துப் போராடினர். மாநிலச் சட்டமன்றமும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் நடுவண் அரசு அவ்வேலத்தை நீக்கியது.

குழாய்நீரும் கேன் நீரும்

மதுரை மாநகருக்கு வைகை அணை நீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழி வருகிறது. நகரின் தேவை பெருகியதால், அம்ருத் திட்டத்தின் கீழ், தேனி மாவட்டத்தின் லோயர் கேம்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டது. குழாய்நீர் போதாத பகுதிகளில் தள்ளுவண்டி, சரக்குந்துகளில் குடக்கணக்கில் விற்கப்படும் நீரும் 20 லிட்டர் கேன்களும் அவ்விடத்தை நிரப்புகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை நிலத்தடி உப்பு நீரை எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடித்தவை. உப்பு நீங்கியதால் இந்நீர் நாவுக்கு இனிதாகப் படுகிறது; அதனால் "நல்ல தண்ணீர்" என்னும் சொல்லின் பொருள் ஊருணியிலிருந்து கேனுக்கு மாறியுள்ளது.

சுவையும் பாதுகாப்பும்

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, சுவை "ஏற்கத்தக்கதாக" இருக்க வேண்டும் என விதிக்கிறது. கூடவே, நீர் பாதுகாப்பானது என உறுதிசெய்த பின்னரே சுவைச் சோதனையை நடத்த வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. இவ்வரிசை முதன்மையானது. நீர்ச் சுவைஞர் எவ்வளவு பயிற்சி பெற்றவராயினும், பின்வருவனவற்றை நாவால் அறிய இயலாது:

நோய்க்கிருமிகள்: வாந்திபேதி, குடற்காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் தெளிந்த, இனிய நீரிலும் இருக்கலாம்.

புளோரைடு: குடிநீரில் காணப்படும் அளவுகளில் சுவையில்லை. 1.5 மி.கி.க்கு மேற்பட்ட நீரை நெடுங்காலம் பருகினால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இக்குறையைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது.

நைட்ரேட்டு: உரம், கழிவுநீர் வழியே கிணற்றில் சேர்வது. 45 மி.கி.க்கு மேல் இருப்பின் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது.

ஆர்சனிக்கு, ஈயம்: சுவையும் மணமும் அற்றவை.

இதற்கு மறுதலையாக, மக்கள் வெறுக்கும் சில சுவைகள் தீங்கற்றவை. குழாய்நீரின் குளோரின் நெடி கிருமிநீக்கம் நடந்ததன் அடையாளம் ஆகும். குழாய் முனையில் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500 விதி. அந்நெடியை விரும்பாதோர் குடிக்கும் அளவு நீரை மட்டும் மூடிய பாத்திரத்தில் சில மணிநேரம் வைத்திருந்து பயன்படுத்தலாம்.

விற்பனையாளர்கள் காட்டும் எழுதுகோல் வடிவ டி.டி.எஸ். கருவியும் இவ்வாறே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணிக்கிறது. கிருமியையோ பூச்சிக்கொல்லியையோ அது காட்டாது. புளோரைடைத் தனியே பிரித்தறியாது. எண் குறைவாக இருந்தால் நீர் தூயது என்னும் கருத்து சரியன்று. கரைதிண்மம் 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு மூலம் இல்லாவிடில் 2000 மி.கி. வரை பொறுக்கத்தக்கது என்றும் இந்தியத் தரம் கூறுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் சுவைத் தரவரிசைப்படி 300 மி.கி.க்குக் குறைவானது மிக நன்று; 600 வரை நன்று; 900 வரை சுமார்; 1200-க்கு மேல் ஏற்கவியலாதது. 500 மி.கி.க்குக் குறைவான கரைதிண்மமுள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடைசெய்ய வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அறிவுறுத்தியது. இம்முறையில் வடித்த நீருக்கு இணையாகவோ அதனினும் மிகுதியாகவோ கழிவுநீர் வெளியேறுவது இதற்கு ஒரு காரணமாகும்.

தொழில் வாய்ப்புகள்

மதுரை போன்ற நகரங்களின் விடுதிகளில் நீர்ப்பட்டியல் வழக்கமன்று. எனவே உணவக நீர்ச் சுவைஞர் என்னும் பணி இங்கு அரிதே. ஆயினும் இத்தொழிலின் அடிப்படைத் திறன்களுக்கு வேறு பயன்கள் உள்ளன. ஐ.எஸ். 3025 என்னும் இந்தியத் தரத்தொகுதி நீரின் மணத்தையும் சுவையையும் சோதிக்கும் முறைகளைத் தனிப்பகுதிகளில் வகுத்துள்ளது. பொதியப்பட்ட நீர் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களும் குடிநீர் வாரிய ஆய்வுக்கூடங்களும் இத்தகைய சோதனைகளுக்கான இடங்களாகும். வேதியியல், உணவுத் தொழில்நுட்பம், விடுதி மேலாண்மை ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுப் புலனறிவுச் சோதனையில் பயிற்சி கொள்வது இத்துறைக்கு ஏற்ற வழியாகும். புகைப் பழக்கமின்மை, மணங்களை நினைவில் இருத்தும் ஆற்றல், பார்த்ததை எண்ணிலும் சொல்லிலும் பதியும் ஒழுங்கு ஆகியன தேவையான பண்புகள்.

திறனாய்வுகள்

பலருக்குப் பாதுகாப்பான குடிநீரே எட்டாத நிலையில், நீரை ஆடம்பரப் பொருளாக்குவது முறையன்று என்பது இத்தொழில்மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு ஆகும். புட்டிநீரை நெடுந்தொலைவு கொண்டுசெல்வதன் எரிபொருட் செலவும் ஞெகிழிக் கழிவும், ஊற்றுநீர் வணிகத்தால் சுற்றுப்புற ஊர்களின் நீர்மட்டம் குறையக்கூடும் என்னும் அச்சமும் சுட்டப்படுகின்றன. பெயர் மறைத்து நடத்தும் சுவைச் சோதனைகளில் குழாய்நீர் புட்டிநீருக்கு இணையாக மதிப்பிடப்படுவதும் உண்டு. நீரின் மருத்துவக் குணங்கள் பற்றி விற்பனையாளர் கூறும் கூற்றுகள் பல அறிவியல் சான்று அற்றவை.

இத்தொழிலைப் போற்றுவோர், நீரின் சுவையை உணர்ந்தவர் அதன் மூலத்தையும் காக்க முற்படுவர் என்கின்றனர். மதுரைச் சமவெளியில் ஊருணிக் கரைக்குக் காவலிட்ட ஊர்களின் வழக்கம் இக்கூற்றுக்கு ஓரளவு சான்றாகும். அங்கு நல்ல தண்ணீரை அடையாளங் கண்ட அறிவும் அதனைக் காக்கும் கட்டுப்பாடும் ஊர்ப்பொதுவாக ஒன்றாகவே இருந்தன. நீர் விலைப்பொருளான பின்னர் சுவையறிவு வாங்குபவரிடமும், மூலத்தின் பொறுப்பு விற்பவரிடமும் எனப் பிரிந்துவிட்டன.

இவற்றையும் பார்க்க

கனிமநீர்
கடின நீர்
ஊருணி
வைகை ஆறு
நூபுர கங்கை
அரிட்டாபட்டி
எதிர் சவ்வூடு பரவல்
தேற்றா மரம்